காலை வணக்கமும் ஜானகிராமனும்

உழவர்கரையில் சிற்றலை வானொலியைத் தன்னைவிடத் துல்லியமாகக் கேட்கத் தெரிந்தவர் யாருமில்லை என்று ஜானகிராமன் சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேச ஆள் கிடையாது. உழவர்கரையில் சிற்றலை கேட்பவரே அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வீடு டிவி வந்து, டிவிக்குள் நூறு சேனல் வந்த பிறகும், சாயங்காலமானால் மனிதர் ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். கைப்பிடிச் சுவரிலிருந்து அடுத்த வீட்டுத் தென்னைமரம் வரை ஒரு செம்புக் கம்பி கட்டி வைத்திருந்தார். கடலுக்கு அப்பாலிருந்து பல நாடுகள் அப்போது தமிழில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தன. ஒலி எப்படிக் கேட்டது, இரைச்சல் எவ்வளவு, எந்த இடத்தில் மங்கியது என்று எழுதி அனுப்பினால், நிலையத்தார் மகிழ்ந்துபோய் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைகளை ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கல்யாண ஆல்பத்துக்கு முன்னால் அதைத்தான் காட்டுவார். மனைவி நிர்மலாதேவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்தவர்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போவாள்.

பஞ்சாலையில் தறிப் பிரிவில் இருந்தவர். ஆலை மூடியதும் நாலு மாதம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய்க் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டு, அம்மா பேரில் 'ராஜாம்பாள் டிடிபி' என்று ஒரு கடை போட்டார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே அச்சுக்குத் தயாராகும். கடைக்கு இணைய இணைப்பு வந்ததும் அவருக்கு இரண்டாவது பிறவி எடுத்ததுபோல் ஆயிற்று. 'சிற்றலைச் சொந்தங்கள்' என்று ஒரு மடல் குழுமம் தொடங்கினார். ஒருவர் மடல் போட்டால் உறுப்பினர் அத்தனை பேருக்கும் போகும். யாரைச் சேர்ப்பது, யார் மடலை நிறுத்துவது என்ற அதிகாரமெல்லாம் அவர் கையில். அதற்கு மட்டுறுத்துநர் என்று பெயர். அந்தப் பெயரை அவர் விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டார்.

ஷார்ஜா, பினாங்கு, பாரிஸ் என்று எங்கெங்கோ இருந்த தமிழர்கள் சேர்ந்தார்கள். பாதிப்பேர் புதுவைப் பக்கத்து ஆட்கள். ஜானகிராமன் தன் வானொலி அட்டைகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அவர்களுக்குப் படமாக அனுப்புவார். புதிதாக வருகிறவர்கள், 'ஐயா, எந்த ரேடியோ வாங்கலாம்?' என்று கேட்பார்கள். ஐயா மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதுவார். அந்த 'ஐயா' அவருக்குக் கற்கண்டு. ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்தும் யாரும் அவரை ஐயா என்று கூப்பிட்டதில்லை.

இப்படி ராஜாவாக இருந்தவருக்குச் சனி பிடித்தது சுனாமிக்கு அடுத்த வருஷம். வீராம்பட்டினத்திலிருந்து அஞ்சலாட்சி என்று ஒருத்தி குழுமத்தில் சேர்ந்தாள்.

அவள் அங்கே ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். புருஷன் கடலுக்குப் போகிறவன். காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போட்டதும் குழுமத்துக்கு இரண்டு வரி எழுதுவாள். 'எல்லாருக்கும் காலை வணக்கம். கடல் இன்னிக்கு அமைதி. சங்கரா நல்லா வந்திருக்கு.' அவ்வளவுதான். மறுநாள், 'காலை வணக்கம். காத்து கொஞ்சம் ஜாஸ்தி. படகு எல்லாம் கரையிலதான்.'

இதற்குப் பதில்கள் குவிந்தன. ஷார்ஜாக்காரர் வணக்கம் சொன்னார். பாரிஸ்காரர் வணக்கம் சொல்லிவிட்டு, 'கடல் அமைதின்னு படிச்சாதான் எனக்கு வேலை ஓடுது' என்று எழுதினார். வணக்கம் சொன்னவர்களுக்கு அஞ்சலாட்சி திரும்ப வணக்கம் சொன்னாள். மத்தியானத்துக்குள் குழுமம் சந்தைக்கடை போலாகிவிடும். அதே நாளில் ஜானகிராமன் முப்பத்தொரு மீட்டர் அலைவரிசையில் மழைக்கால இரைச்சல் பற்றி, ஒரு வாரம் மாடியில் கொசுக்கடி பட்டு எழுதிய கட்டுரை அனுப்பியிருப்பார். அதை ஒரு நாய்கூட முகர்ந்து பார்க்காது.

ஜானகிராமனுக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை, சாப்பிட்ட சோறு செரிக்காத எரிச்சல். கடையில் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திவிட்டு, அவளுக்கு எத்தனை பதில், தனக்கு எத்தனை பதில் என்று பார்ப்பார். ஒருமுறை அந்தக் கோபத்தில் மாப்பிள்ளை பெயரைப் பெண் வீட்டார் பக்கம் அடித்துவிட்டார். சங்கரா மீனை எழுதினால் ஊரே கூடுகிறது, சங்கதியை எழுதினால் சீந்த ஆளில்லை என்று வீட்டில் புலம்பினார். நிர்மலாதேவி, "உங்க கட்டுரையப் படிக்கச் சொன்னா எனக்கே தலைய வலிக்குது" என்றாள். கட்டிய மனைவியும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

மட்டுறுத்துநர் கையில் ஓர் ஆயுதம் உண்டு. ஒருவருடைய மடல் நேரே எல்லோருக்கும் போகாமல், முதலில் தன்னிடம் வந்து நிற்கும்படி செய்யலாம். அஞ்சலாட்சிக்கு அதைச் செய்தார். அவள் காலையில் எழுதிய வணக்கத்தைச் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் குழுமத்துக்குப் போகவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் வருகிற காலை வணக்கத்தைப் பார்த்துக் குழுமம் சிரித்தது. 'வீராம்பட்டினத்துல இப்பதான் விடியுதா?' என்று பாரிஸ்காரர் கேட்டார். அஞ்சலாட்சி வெள்ளந்தியாக, 'எங்க ஆபீஸ் நெட்டு ஆமை மாதிரி போவுது போல' என்று எழுதினாள். ஜானகிராமனுக்கு ஒரு வாரம் சோறு செரித்தது.

அதற்கும் கேடு வந்தது. ஷார்ஜாக்காரர் ஊருக்கு வரப்போவதாகவும், நல்ல நெத்திலிக் கருவாடு கிடைக்குமா என்றும் குழுமத்தில் கேட்டார். வரும்போது சொல்லுங்கள், கட்டி வைக்கிறேன் என்று அஞ்சலாட்சி பதில் எழுதினாள். ஜானகிராமன் அதைப் பிடித்துக்கொண்டார். வானொலிக் குழுமத்தில் கருவாட்டு வியாபாரமா என்று கொதித்து, 'எது குப்பை?' என்ற தலைப்பில் நீளமாக ஒரு மடல் போட்டார். குழுமத்தின் பொருளுக்குச் சம்பந்தமில்லாத எதுவும் குப்பைதான், அது கருவாடானாலும் சரி, காலை வணக்கமானாலும் சரி என்பது அதன் சாரம். லாட்டரி விழுந்ததாக வரும் வெளிநாட்டு மோசடி மடலையும் அஞ்சலாட்சியின் வணக்கத்தையும் ஒரே தட்டில் வைத்திருந்தார்.

எல்லோரும் தன் பக்கம் வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்தார். வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று முத்தியால்பேட்டையில் இருந்த கோவிந்தராசு, கேட்காமல் வந்து கதவைத் தட்டி விற்கிறவன்தான் குப்பை போடுகிறவன் என்றார். 'அதுக்குப் பேரு பப்ளிசிதே, வெளம்பரம். காலையில எதிர்ல வர்ற ஆள் போன்ழூர்னு வணக்கம் சொல்லிட்டுப் போறான். அவன் என்னத்த விக்கிறான் மிசே?' என்று கேட்டிருந்தார். பினாங்கில் ஆசிரியையாக இருந்த அமிர்தவல்லி, ஒருவருக்குக் குப்பை இன்னொருவருக்கு எரு என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதினாள்.

கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்த அம்மாவாசை, பிரௌசிங் சென்டரில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து மடல் படிக்கிறவர். அவர் எழுதியதுதான் ஜானகிராமனின் மென்னியைப் பிடித்தது. 'வணக்கம் படிக்க ஒரு நிமிஷம்கூட ஆவறதில்ல. அண்ணன் போடுற அட்டைப் படம் ஒவ்வொண்ணும் தொறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். என்னைக் கேட்டா அதான் குப்பை.'

ஜானகிராமனின் முகத்தில் ஈயாடவில்லை. பத்து வருஷமாகச் சேர்த்த அட்டைகள். அதைக் குப்பை என்று ஒருவன் எழுதுகிறான், அதற்குக் கீழே நாலு பேர் ஆமாம் போடுகிறார்கள். ஆமாம் போட்டவர்களில் அஞ்சலாட்சி இல்லை. 'அண்ணனோட அட்டைய நான் ஆசையாத்தான் பாக்குறேன். ஆனா ஒருத்தர் வணக்கம் சொன்னா பதில் சொல்லாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எப்பிடிப் போறது?' என்று மட்டும் எழுதியிருந்தாள். இதைப் படித்தபோது அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். நல்ல பெயரையும் அவளே தட்டிக்கொண்டு போகிறாளே என்றிருந்தது.

கடைசியில் அமிர்தவல்லி டீச்சர் ஒரு சமாதானம் சொன்னாள். வணக்கம் சொல்கிறவர்கள் மடலின் தலைப்பிலேயே 'வணக்கம்' என்று போட்டுவிட வேண்டும். வேண்டியவர் திறக்கட்டும், வேண்டாதவர் தள்ளட்டும். யார் மடலையும் நிறுத்தி வைக்கக் கூடாது. எல்லோரும் சரி என்றார்கள். ஜானகிராமனும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார். ஆனால் அத்தோடு விடவில்லை. தன் பங்குக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இன்று முதல் 'வணக்கம்' என்று தலைப்பிட்டு வருகிற எந்த மடலும், திறக்கப்படாமலே தன் குப்பைப் பெட்டிக்குப் போகும்படி செய்துவிட்டதாகவும், தன் நேரம் விலை உயர்ந்தது என்றும் எழுதினார். சொன்னபடியே மடல் பெட்டிக்கு உத்தரவும் போட்டார். அது கேள்வி கேட்காமல் செய்தது. அன்று முதல் அஞ்சலாட்சியின் பெயர் அவர் கண்ணில் படவில்லை. இருந்தாலும் அவள் எழுதியிருப்பாள், இருபது பேர் பதில் சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்பு காலையில் பல் துலக்கும்போதே வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டதால் பொறாமை குறையவில்லை.

இந்த நேரத்தில்தான் கவிநிலா வருகிற செய்தி வந்தது. கவிநிலா என்றால் நம் ஊர்ப் பெண் இல்லை. பனி பெய்யும் ஒரு தூர தேசத்தின் வானொலியில் தமிழ் அறிவிப்பாளர். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து, தனக்குத் தானே தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமை நேயர் நேரத்தில் கடிதம் படிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருமுறை 'புதுவையைச் சேர்ந்த நேயர் ஜானகிராமன் அவர்கள்' என்று அந்தக் குரல் சொன்னது. அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. கீழே ஓடிப்போய் நிர்மலாதேவியிடம் சொன்னார். அவள் கிரைண்டர் ஓடியதில் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அவர் பெயர் கடல் கடந்து போய்த் திரும்பி வந்ததற்கு இன்றுவரை சாட்சி கிடையாது.

அந்தக் கவிநிலா இப்போது வானொலியில், தை மாதம் தமிழகத்துக்கும் புதுவைக்கும் நேரில் வந்து நேயர்களைச் சந்திக்கப் போவதாகச் சொன்னார். புதுவையில் சந்திப்பை நடத்தித் தரும்படி அங்குள்ள குழும மட்டுறுத்துநருக்கு மடல் எழுதுவதாகவும் சொன்னார்.

மட்டுறுத்துநர் என்றால் வேறு யார்? ஜானகிராமன் அன்றைக்கே வரவேற்புரை எழுத உட்கார்ந்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பத்திரிகை அடிக்க வந்த சம்பந்திமார்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். புதுச் சட்டை தைத்தார். உரையை மாடியில் உரக்கச் சொல்லிப் பழகினார். நாலு பேர் நடுவில் அந்த அம்மாள் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்துப் பேச வேண்டும், அதை அவர்கள் பதிவு செய்து ஒலிபரப்ப வேண்டும், அம்மாவாசை கேட்க வேண்டும், எல்லோருக்கும் மேலாக அஞ்சலாட்சி கேட்க வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் அவர் அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை.

மடல் வரவில்லை. கடையைத் திறந்ததும் பார்ப்பார், சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பார், பூட்டும்போது பார்ப்பார். மார்கழி முடிந்து பொங்கலும் போயிற்று. இதில் வீராம்பட்டினத்துக்காரியின் கை இருக்கிறது என்று தோன்றியது. எப்படி என்று தெரியாது. ஆனால் தன் வாழ்வில் நடக்கும் எல்லாக் கெடுதலிலும் அவளுடைய கை இருப்பதாக அவருக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

ஒரு சாயங்காலம் கையில் டீயும் வாயில் பஜ்ஜியுமாகக் கடை வாசலில் நின்றிருந்தபோது, ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். நைந்த கைப்பை, நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம்.

"ஜானகிராமன் அண்ணன்தான? நான் அஞ்சலாட்சி."

அவருக்குப் பஜ்ஜி தொண்டையில் நின்றது. இத்தனை நாள் மனதுக்குள் அவளைத் தளுக்கும் மினுக்குமாக ஓர் ஆளாகக் கற்பனை செய்து வைத்திருந்தார். நேரில் பார்த்தால் பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் கேட்க வந்தவள் மாதிரி நின்றாள். உள்ளே வரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

அவள் உட்காராமலே விஷயத்தைச் சொன்னாள். கவிநிலா அவருக்கு மூன்று மடல் போட்டிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேயர் கடிதத்தில் அஞ்சலாட்சி எழுதியிருந்த முகவரியைத் தேடிப்பிடித்து, மட்டுறுத்துநர் ஐயாவுக்கு என்ன ஆயிற்று, தங்கள் மேல் வருத்தமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

"எனக்கு ஒண்ணும் தோணலண்ணே. பதில் போடலன்னா மரியாதையில்லாத ஆளுன்னு நெனச்சிடுவாங்களே. அதான் உங்களுக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியலன்னு எழுதிட்டேன். சந்திப்ப எங்க ஊரு சமுதாயக் கூடத்துல வெச்சிக்கலாம்னும் சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழம. நீங்க கட்டாயம் வரணும்."

மடல் எதுவும் வரவில்லையே என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. குப்பைப் பெட்டியைத் திறந்தார். பழையதெல்லாம் தானாக அழிந்துபோயிருந்தது. மிச்சமிருந்தவற்றில் வரிசையாக அஞ்சலாட்சியின் வணக்கங்கள். அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு ஆளுடையது. தலைப்பு 'வணக்கம்'. உள்ளே, 'மதிப்பிற்குரிய மட்டுறுத்துநர் ஐயா அவர்களுக்கு, மூன்றாம் முறையாக எழுதுகிறேன்' என்று தொடங்கியிருந்தார் கவிநிலா. தமிழர்களுக்கு எழுதும் மடலை வணக்கம் என்றுதான் தொடங்க வேண்டும் என்று அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஜானகிராமன் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே, சந்திப்பை அவளல்லவா நடத்தப் போகிறாள் என்று நினைத்து இன்னொருமுறை அடித்துக்கொண்டார். போகக் கூடாது என்று சனிக்கிழமை வரை வீராப்பாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். காய்ச்சல் என்று சொன்னால் என்ன, காய்ச்சல் விடாதா? விட்டுவிட்டது என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் தைரியம் வந்தது.

கூடத்துக்குள் நுழைந்ததுமே அது கரைந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த கோவிந்தராசு, "மிசே, எதுக்கு எழுந்து வந்தீங்க?" என்று தோளைத் தாங்கிப் பிடித்தார். அம்மாவாசை நாடி பிடித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும் உரிமையில், நாளைக்குக் காலையில் கோரிமேட்டுக்கு வந்துவிடச் சொன்னார், ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். யாரோ மின்விசிறியை அணைத்தார்கள். எல்லோருக்கும் வஞ்சிர வறுவலும் மீன் குழம்பும் பரிமாறியபோது அவருக்கு மட்டும் ஓரமாக உட்காரவைத்து ரசம் சாதம் கொடுத்தார்கள். அந்தக் குழம்பின் வாசனை கூடத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நெற்றி வியர்க்க, புழுக்கத்தில், அவர் ரசம் சாதம் சாப்பிட்டார். அஞ்சலாட்சி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஓடிக்கொண்டிருந்தாள். எங்கே போனாலும் யாராவது ஒருவர் அவளிடம் சிரித்துப் பேசினார்கள். ஜானகிராமன் சிரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கவிநிலா அவர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சின்ன உருவம், பருத்திப் புடவை. வானொலியில் கேட்ட அதே குரல்.

"தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது, ஐயா?"

தேவலை என்று முனகினார். கவிநிலா மகிழ்ச்சி என்றார். பிறகு தன் மனதில் இருந்த ஒரு கவலையையும் சொன்னார். தங்கள் நிலையத்திலிருந்து போகும் மடல்களைச் சிலர் பிரித்துப் பார்க்காமலே குப்பை என்று தள்ளிவிடுவதாகக் கேள்விப்பட்டாராம். அப்படியானால் மடல் எழுதுவதையே நிறுத்திவிட மேலிடம் யோசிக்கிறதாம். ஐயா நலமடைந்ததும், அந்த மூன்று மடல்களும் வந்தனவா, வந்து என்ன ஆயின என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும் என்றார். ஜானகிராமன் தண்ணீர் கேட்டார்.

கூட்டம் தொடங்கியது. பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தார்கள். குழுமத்தின் சார்பில் யார் வரவேற்றுப் பேசுவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் ஜானகிராமனைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயா அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாமே" என்றார் கவிநிலா. ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் தலையாட்டினார்கள்.

அப்போது அஞ்சலாட்சி மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அண்ணே, நீங்க பேசணும்னுதான் வந்திருக்கீங்க. பையில பேப்பர் தெரியுது. எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு வந்து பேசுங்க. மடல் என்னாச்சுன்னு அவங்க கேட்டா, அதையும் நீங்களே சொல்லிடுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அவளுக்குத் தெரியும். அன்று கடையிலேயே தெரிந்திருக்கிறது. கவிநிலா அவளுக்கு எழுதிய மடலும் 'வணக்கம்' என்ற தலைப்பில்தானே வந்திருக்கும். அவர்தான் உலகத்துக்கே அறிவிப்புக் கொடுத்திருந்தாரே. தெரிந்தும் அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இல்லை, கரித்தது. தன்னிடம் இல்லாத எல்லாம் இவளிடம் இருக்கிறதே, இதுவும் இவளிடம்தானா என்றிருந்தது.

மைக் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினால் போதும். எழுந்து நின்று, காய்ச்சல் இல்லை, மடல்களைக் குப்பையில் போட்டது நான்தான் என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு பையில் இருக்கும் உரையின் மூன்று பக்கத்தையும் அவரே பேசலாம். கோவிந்தராசு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவாசை பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைப் படம் குப்பை என்று எழுதிய அம்மாவாசையின் முன்னால், குப்பையின் கதையைத் தன் வாயால் சொல்வதா?

ஜானகிராமன் இருமினார். முதலில் மெதுவாக, பிறகு பலமாக, கண்ணில் நீர் வரும்வரை இருமினார். கோவிந்தராசு முதுகைத் தடவிவிட்டார். கவிநிலா எழுந்து வந்து தண்ணீர் டம்ளரை நீட்டினார். அஞ்சலாட்சி நிமிர்ந்து, வேறு வழியில்லாமல் மைக்கைத் தன் வாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் கையில் காகிதம் இல்லை. குழுமம் எப்படித் தொடங்கியது, ஆலை வேலை போன பிறகு ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து தமிழ் அடிக்கக் கற்று இத்தனை பேரை எப்படிச் சேர்த்தார், எந்த ரேடியோ வாங்கலாம் என்று கேட்டவனுக்கெல்லாம் எப்படிப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார் என்று சொன்னாள். உடம்பு முடியாத நேரத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள் என்றாள். அவருடைய பெயரை மூன்று முறை சொன்னாள். பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் மாடியில் நின்று பழகிய உரையைவிட அது நன்றாக இருந்தது. அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவர் கடைசி வரை கவனமாகக் கேட்டார், கிடைக்கவில்லை.

கூடமே கை தட்டியது. கவிநிலா அவரைப் பார்த்துத் தட்டினார். ஜானகிராமனும் தட்டினார், ஒரு காய்ச்சல்காரர் தட்டுகிற அளவுக்கு மெதுவாக.